இறங்காதவர் பட்டியல்

புதிதாக யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கப்பல்ல வந்தீங்க?" என்பதுதான். தமிழ் தெரியாதவர்களிடம், "கோன்சா ஜகாஜ்?" போர்ட் பிளேருக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு, அதை அவர் ஒரு வருகையாகவே மதிக்க மாட்டார். ஊர், ஜாதி, உத்தியோகம் எதுவும் அவருக்கு வேண்டாம். கப்பல் பெயரும் வந்த மாதமும் தெரிந்தால் போதும், முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். தெரியவில்லை என்றால் வராது. எதிராளி எழுந்து போகும்வரை அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்து நாலு வருஷம் கழிந்திருந்தது. டாலிகஞ்சில் ஒரு சிமெண்ட் கடைக்கு மேல் மாடியில் ஆறு கம்ப்யூட்டர் போட்ட ஒரு பயிற்சி மையத்தில் நான் டீச்சர். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாய் நீளம் என்று பேரெடுத்திருந்தேன், அது இன்றைக்கும் குறையவில்லை. மூன்று மாத வகுப்பு. முடிவதற்குள் ஆளுக்கு ஒரு வலைப்பூவைத் தானே கையால் எழுதி, இணையத்தில் ஏற்றிக் காட்ட வேண்டும். தலைப்பு, தன்னைப் பற்றி நாலு வரி, சில பதிவுகள், கீழே படிக்கிறவர்கள் ஏதாவது எழுதிப்போக ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

அந்த வகுப்புக்கு நாற்பது வயதில் ஒருவர் வந்து நின்றபோது, பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். காக்கி பேண்ட், காதில் செருகிய பென்சில், சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. ஹேடோ துறைமுகத்தில் டாலி கிளார்க். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களில் எத்தனை மூட்டை, எத்தனை பெட்டி இறங்குகிறது என்று நின்று எண்ணிக் குறிக்கிற வேலை.

"வெப்பு படிக்கணுங்க மேடம்ஜி."

"எதுக்குங்க?"

"ஒரு லிஸ்ட் போடணுங்க. எல்லா ஊருக்கும் தெரியிற மாதிரி."

அவருடைய ஆட்கள் சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் அரசாங்கம் குடிவைத்த குடும்பங்கள். இவர் மட்டும் படித்து, வேலை கிடைத்து, போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். பேச்சில் மலைநாட்டுத் தமிழும் தீவு இந்தியும் கலந்து கிடக்கும்.

ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஆனால் நான் பார்த்த மாணவர்களில் அவரைப் போல ஒழுங்காகக் கோடிங் எழுதினவர் கிடையாது. திறந்த ஒவ்வொரு குறியையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் கோணிக்கொள்ளும் என்று சொன்னேன். மற்றதுகள் பத்து தடவை மறந்து பத்து தடவை என் உயிரை வாங்கும். இவருக்கு ஒரே தடவைதான். "கப்பல்ல ஹேட்ச்சுக் கதவு மாதிரி. தொறந்தா மூடணும். இல்லேன்னா தண்ணி பூந்துரும்" என்றார். திறந்ததற்கு ஒரு கோடு, மூடினதற்கு ஒரு கோடு என்று நோட்டில் பென்சிலால் இழுத்து, இரண்டும் சரியாக வந்தால்தான் கையை எடுப்பார்.

மற்றவர்கள் கிரிக்கெட், ஹேவ்லாக் பீச், நடிகர் படம் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் 'தன்னைப் பற்றி' என்ற இடத்தில் ஒரு வரி எழுதினார்: 'நான் ஹேடோவில் எண்ணுகிறவன்.' அதன் கீழே பட்டியல் ஆரம்பித்தது. ஆள் பெயர், வயது, அடையாளம், எதிரே ஒரு வார்த்தை: ஷார்ட். அடுத்த ஆள், வயது, அடையாளம், ஷார்ட்.

"இது என்னங்க, ஷார்ட்?"

"கப்பல் காகிதத்துல நூறு பெட்டின்னு எழுதியிருக்கும். எறங்குனது தொண்ணூத்தெட்டுன்னா, ரெண்டு ஷார்ட்டுன்னு குறிப்போம். தொலைஞ்சிருச்சுன்னு எழுத மாட்டோம் மேடம்ஜி. ஏன்னா அது தொலையல. மத்லப், அதாவது, இங்க ஷார்ட்டுன்னா வேற எதோ ஒரு துறைமுகத்துல ரெண்டு பெட்டி எக்ஸஸ்ஸா எறங்கிக் கெடக்கும். அங்க இருக்கிறவனுக்கு அது யாருதுன்னு தெரியாது. நம்ம லிஸ்ட் அவன் கண்ணுல பட்டாப் போதும்."

எனக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அப்போ உங்க சம்சாரம்…"

"ஷார்ட்டுங்க. பயலும் ஷார்ட்டு. பரீட்சை லீவுக்கு ரெண்டு பேரும் கச்சாலுக்குப் போயிருந்தாங்க."

டீ சூடாக இல்லை என்கிற குரலில் சொன்னார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடல் எடுத்துப்போனவர்களை மூட்டை முடிச்சாக எண்ணுகிறாரே என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. பர்மாவிலோ தாய்லாந்திலோ ஏதோ ஒரு கரையில் பெயர் தெரியாத ஒரு பெண்ணும் பையனும் 'எக்ஸஸ்' ஆகக் கிடப்பார்கள் என்று நாலு வருஷமாக ஒரு மனிதர் நம்பிக்கொண்டிருந்தால் என்ன சொல்வது? யூனிகோட் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன்.

பாவம் பயமாக மாறியது ஒரு வார்த்தையால். பட்டியலுக்கு நடுவில் அவர் 'ஒன்றாம் லயம்' என்று ஒரு துணைத் தலைப்பு அடித்தார்.

"லயம்னா? தாளம், லயம், அதுவா?"

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை; அது முதல் தடவை.

"வீடு மேடம்ஜி. தோட்டத்து வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே ரூமு. எங்காளுங்க வீடுன்னு சொல்ல மாட்டோம், லயம்னுதான் சொல்லுவோம். புள்ளைங்க அழுதாக்கூட 'லயத்துக்குப் போவோம், லயத்துக்குப் போவோம்'னுதான் அழும்."

என் கையிலிருந்த மவுஸ் நழுவிவிட்டது.

என் அக்கா மகள் பெயர் லயா.

சொல்லிவிடுகிறேன், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். அப்பாவுக்கு இங்கே அரசாங்க வேலை, வீடு பத்துபஸ்தியில், அக்கா குடும்பமும் எங்களோடுதான். அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. சுனாமி முடிந்த வாரம் நிவாரண முகாமில் கஞ்சி ஊற்றப் போனவள், மூன்று வயதுக் குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கப்பலில் யாரோ ஒரு அம்மாள் தூக்கி வந்து, "என் புள்ள இல்லை, கீழே கிடந்துச்சு" என்று இவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம். ஒரு நாள் வைத்திருந்து ஒப்படைப்போம் என்றுதான் நினைத்தோம். குழந்தை என்ன கேட்டாலும் "லயம், லயம்" என்றே அழுதது. தன் பெயரைச் சொல்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டாள். லயா என்று கூப்பிட்டாள். ஒரு நாள் ஒரு மாதமானது. யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் போய்ச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த இடம் போர்ட் பிளேர் என்று எழுதினோம்.

குழந்தை வீட்டுக்குப் போகணும் என்று அழுதிருக்கிறது. நாங்கள் அதைப் பெயராக வைத்துக் கொஞ்சியிருக்கிறோம்.

"மொத்தம் எத்தனை லயம்?" என்று அவரிடம் கேட்டேன்.

"பன்னெண்டுங்க. வரிசையா வாறேன்."

வரிசையாகத்தான் வந்தார். தினமும் நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருவார், ஜன்னலோர மிஷினில் உட்காருவார், இரண்டு பேர் அல்லது மூன்று பேரை அடிப்பார். பெயர் தெரியாதவர்களுக்கு கச்சாலிலிருந்து வரும் கப்பலில் யாரையாவது பிடித்து விசாரித்து எழுதுவார். இரண்டாம் லயம், மூன்றாம் லயம். மூன்று மாத வகுப்பு முடிந்தது, மற்றவர்கள் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனார்கள், இவர் போகவில்லை. மிஷின் சும்மாதானே கிடக்கிறது, வரட்டும் என்று மையத்து முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு நாலு மணி என்றாலே பயம்.

ஒருநாள் தன் பழைய டாலி நோட்டைக் காட்டினார். சுனாமி அகதிகளை ஏற்றி வந்த கப்பல்கள் ஹேடோவுக்கு வந்தபோது, இறங்கினவர்களை இவர் எண்ணியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, தானாகவே நின்று எண்ணியிருக்கிறார். தன் ஆட்களைத் தேடித்தானே நின்றார், வந்த தலைகளை எல்லாம் கோடு போட்டுக் குறித்திருந்தார். ஒரு பக்கத்தின் கடைசியில் தனியாக ஒரு கோடு. அருகில், 'பெண் குழந்தை, ஆள் இல்லை, எக்ஸஸ்.'

"போர்வையில சுத்தி இருந்துச்சு, மூஞ்சி பாக்கல. தூக்கிட்டு வந்த அம்மா தன் புள்ள இல்லேன்னு சொன்னுச்சு. இன்னமும் என் நோட்டுல அந்தக் கோடு மட்டும் சும்மா நிக்குது மேடம்ஜி. எங்க போச்சுன்னு தெரியல."

"செத்துக்கித்துப் போயிருக்கும்" என்றேன். பாவி வாய்.

"எறங்குனது சாகாதுங்க" என்றார்.

பத்தாம் லயத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. நான் பக்கத்தில் நின்று கடைசி எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அடித்தார்: 'மூன்றாவது காம்பரா. பவானி. வயது மூன்று. வலது காலில் சுண்டு விரலும் அடுத்த விரலும் ஒட்டியிருக்கும். ஷார்ட்.'

லயாவின் வலது கால் அப்படித்தான். அக்கா அவளை வீட்டு வாசல் தாண்டி ஷூ போடாமல் அனுப்ப மாட்டாள்.

"இந்தப் புள்ளையோட ஆத்தா உசுரோட இருக்குங்க" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இடுப்பு ஒடிஞ்சு கெடந்துச்சாம். ஹெலிகாப்டர்ல தூக்கி, அங்கருந்து மெட்ராசுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி, எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. அதுவும் யாரையாச்சும் புடிச்சு இந்தக் கம்ப்யூட்டர்ல புள்ள பேரைத் தட்டச் சொல்லும்ல? தட்டுனா இது வரும்ல மேடம்ஜி?"

"வரும்" என்றேன்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் ஒரு பாட்டம் கத்தினாள். "எவன்டி அவன்? என் பிள்ளைய லிஸ்ட்டுல போடுறதுக்கு அவன் யாருடி? நாளையிலேருந்து கிளாசுக்குள்ள விடாதே, சொல்லிட்டேன்!" பிறகு லயாவின் பள்ளிச் சட்டையை மடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மடித்ததையே மறுபடி உதறி மடித்தாள்.

"பெத்தவ வந்து வாசல்ல நின்னா குடுத்துருவேன்டி" என்றாள். "இடுப்பு ஒடிஞ்சவ வந்து நின்னா, எப்படிடி இல்லேங்கிறது? குடுத்துருவேன். அதான்டி எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குக் கொடுக்கிற மனது இருந்தது. எனக்கு இல்லை. அதனால் அந்தப் பெண் வந்து நிற்காதபடி செய்வதை நான் ஏற்றுக்கொண்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு வலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி வேறு, தலைப்பகுதி வேறு. தலைப்பகுதியில் எழுதுவது படிக்கிறவருக்குத் தெரியாது. இயந்திரங்களுக்கு மட்டும் தெரியும். அங்கே ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: 'என்னை உன் தேடல் பட்டியலில் சேர்க்காதே.' அதற்குப் பிறகு உலகத்தில் யார் எந்தப் பெயரைத் தட்டித் தேடினாலும் அந்தப் பக்கம் வராது. பக்கம் இருக்கும். முகவரி தெரிந்தவர் திறந்தால் திறக்கும். தெரியாதவருக்கு அது இல்லவே இல்லை. முகவரி தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான்.

மறுநாள் காலையில் அவர் வருவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலும் அந்த வரியைச் சேர்த்தேன். மொத்தமே கால் மணி நேர வேலை. நாலு மணிக்கு வந்தார், உட்கார்ந்தார், பக்கத்தின் கோடிங்கைத் திறந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"மேடம்ஜி. நேத்து மேல பதினாலு வரி இருந்துச்சு. இன்னிக்குப் பதினஞ்சு."

நாங்கள் உட்காருகிற நாற்காலி எத்தனை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இந்த மனிதர் கண்ணுக்குத் தெரியாத வரிகளை எண்ணி வைத்திருக்கிறார்!

"அது பாதுகாப்புக்குங்க. கெட்டவன் எவனும் உள்ள நுழையாம இருக்க."

"பூட்டா?"

"ஆமா. பூட்டு."

"அச்சா" என்று நோட்டில் அந்த வரிக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து புதிதாக எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வேலையாக அதைத்தான் அடிப்பார். அர்த்தம் தெரியாத ஆங்கில எழுத்துகளை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி, என் பக்கம் திரும்பி, "பூட்டு போட்டாச்சுங்க" என்பார். கச்சாலில் மற்ற குடியிருப்புகளிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி ஹேடோ வார்ஃபுக்கு வர ஆரம்பித்தார்கள். என் அண்ணன், என் கொழுந்தன் பிள்ளை, எங்க மாமியார் என்று பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேருக்கும் பக்கம் எழுதினார். அத்தனை பக்கத்துக்கும் பூட்டு போட்டார். ஒரு குழந்தையை மறைக்க நான் எழுதிய வரி, ஊரையே மறைத்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் ஒரு எண் ஓடும். வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

"எழுபத்தி ரெண்டு. அதுல எழுவது நானு. ரெண்டு நீங்க."

நான் வீட்டில் இரண்டு தடவை திறந்து பார்த்தது உண்மைதான். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

பிறகு அந்த மழை நாள். அக்காவுக்குக் காய்ச்சல், லயாவின் பள்ளி வேன் டிரைவர் அவளை எங்கள் மையத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு, ஷூ கூடாது என்று போர்டு எழுதி மாட்டினவள் நான்தான். அது நல்ல பிள்ளை, ஈர ஷூவையும் சாக்ஸையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு டக்டக்கென்று உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றது. நாலு மணி பத்து நிமிஷம்.

அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"பாப்பா எந்தக் கப்பல்?"

"நான் கப்பல்ல வரல அங்கிள். இங்கதான் பொறந்தேன்."

"அச்சா, அச்சா. பேரு என்னா?"

"லயா."

"நல்ல பேரு. யாரு வெச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அது முந்திக்கொண்டது. அக்கா ஆயிரம் தடவை சொல்லிக் கொஞ்சின கதை அது. பிள்ளைக்கு அதில் அவ்வளவு பெருமை. "நானே வெச்சுக்கிட்டேன் அங்கிள்! குட்டியா இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் லயா, லயான்னுதான் சொல்வேனாம். அம்மா சொன்னாங்க."

அவர் தலை மெதுவாகக் குனிந்தது. தரையைப் பார்த்தார். சிவப்பு சிமெண்டுத் தரையில் லயாவின் ஈரக் கால்கள். ஒரு விரல், இரண்டு விரல் என்று அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். இடது காலை எண்ணிவிட்டு வலது காலுக்கு வந்தார். வலது காலை எண்ணி முடித்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை.

"அக்கா பொண்ணு" என்றேன் நான்.

"தெரியுதுங்க" என்றார். நாற்காலியைத் திரும்பத் திருப்பிக்கொண்டார். அன்று ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று லயாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். "சேதாரம் ஒண்ணும் இல்லாம வந்துருக்கு" என்றார், என்னிடமா தனக்குத்தானா தெரியவில்லை, சிரித்தார். அது இரண்டாவது தடவை.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் வரும், யாராவது அதிகாரி வருவார், இல்லாவிட்டால் இவரே வந்து வாசலில் நிற்பார் என்று பயந்து செத்தேன். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் லயாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவர் வரவில்லை. வகுப்புக்கு மட்டும் வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார், மீதி இரண்டு லயத்தையும் அடித்து முடித்தார். பத்தாம் லயத்துப் பவானிக்கு எதிரே இருந்த 'ஷார்ட்' மட்டும் ஒருநாள் காணாமல் போயிருந்தது. வேறு எதுவும் எழுதவில்லை. காலியாக விட்டிருந்தார். அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. கேட்டுத் தொலையுங்களேன் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். அவர் கேட்கவில்லை.

பட்டியலை ஏற்றி ஒரு வருஷம் நிறைந்த அன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"யாராச்சும் வந்தாங்களா மேடம்ஜி?"

"இல்லீங்க."

"எங்க வார்ஃபுல ஒரு முறை இருக்குங்க. ஷார்ட்டுன்னா எல்லாத் துறைமுகத்துக்கும் எழுதிப் போடுவோம். ஒரு வருசம் பாப்போம். அதுக்குள்ள எங்கயும் எக்ஸஸ் இருக்குன்னு பதில் வரலேன்னா, ஃபைலை மூடிரணும்." காதுப் பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். "மூடிரலாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்களேன்" என்றேன். மெய்யாகவே சொன்னேன். அந்த நிமிஷம் அந்த வரியை அழித்துவிடலாமா என்றுகூட விரல் துடித்தது.

"நெட்டுல எல்லா ஊரும் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லா ஊர்லயும் தேடியாச்சு. யாரு கையிலயும் இல்ல. அஞ்சு வருசமா நாந்தான் மடையனாட்டம் ஷார்ட்டு, ஷார்ட்டுன்னு… கடல்தாங்க எடுத்துருக்கு."

ஒவ்வொரு பெயராக 'ஷார்ட்' என்பதை அழித்து 'காலமானார்' என்று அடிக்க ஆரம்பித்தார். ஒன்றாம் லயம். இரண்டாம் லயம். அவர் மனைவி பெயர் வந்தபோது விரல் பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. "நீங்க அடிங்க மேடம்ஜி" என்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடித்தேன். கீழே, வயது ஆறு என்று போட்டிருந்த பையன். அதையும் நான்தான் அடித்தேன். அவர் முதுகு குலுங்கியது. எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவது?

மறுபடி வந்து உட்கார்ந்தார். மற்றதை எல்லாம் அவரே அடித்தார். பத்தாம் லயம், மூன்றாவது காம்பராவில் நிறுத்தினார். கீ-போர்டை என் பக்கம் தள்ளினார்.

"இதை நான் குறிக்க மாட்டேங்க. சரக்கு யாரு கையில இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணும். அதுவும் எங்க முறைதான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. மூட்டை இறங்கும்போது லாரிக்காரனைப் பார்க்கிற மாதிரி, எண்ணிக்கை சொல்லு, குறிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 'இறங்கியாச்சு' என்று அடித்தால், எங்கே, யாரிடம் என்று அடுத்த கட்டமும் நிரப்ப வேண்டும். அக்கா சட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. இடுப்பு ஒடிந்த ஒரு பெண்ணும் வந்தாள். அவளுக்கு முகம் இல்லை.

'காலமானார்' என்று அடித்தேன்.

குனிந்து வாசித்தார். எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"பக்காவா?"

"பக்கா."

"டீக் ஹை." எழுந்தார். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்வரை போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகுதான் திரும்பினார்.

"புள்ளைக்குப் பழைய பேரு தெரியுமாங்க?"

"தெரியாது."

"சொல்லிராதீங்க மேடம்ஜி. செத்தவங்க பேரைச் சொல்லிக் கூப்புடக் கூடாது."

படி இறங்கிப் போனார். மறுநாள் நாலு மணிக்கு வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. ஹேடோவில் விசாரித்தபோது, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மெயின்லேண்ட் கப்பல் ஏறிவிட்டார் என்றார்கள். எந்தக் கப்பல் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. இணையத்தில் இலவச இடம் தந்தவர்கள் மூடப்போவதாகச் சொன்னபோது அழிந்து போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை, வேறிடத்துக்கு மாற்றினேன். மாற்றும்போது தலைப்பகுதியில் அந்தப் பதினைந்தாவது வரியையும் சேர்த்தேதான் மாற்றினேன். பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது. அந்த வரியை அழிக்கவும், நான் அடித்த அந்த ஒரு வார்த்தையைத் திருத்தவும் அரை மணி நேரம் போதும். லயா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்தத் தாய்க்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதுதான் இருக்கும். எங்கேயோ உயிரோடுதான் இருப்பாள்.